எல்லாம் அறிந்தவரிடம் எதைச் சொல்வது?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்பச் செபம் தவறாமல் நடக்கும். "அம்மாவுக்காக நீ ஒரு வேண்டுதல் சொல்" என்பார் என் கணவர். "ஆண்டவரே, அத்தைக்கு நல்ல சுகம் கொடும்" என்று நானும் சொல்வேன். ஆனால் அதே நேரத்தில், இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலாம் என்று மனம் வேண்டிக்கொண்டிருக்கும். வாய் சொல்வதையும் மனம் சொல்வதையும் ஆண்டவர் ஒன்றாகக் கேட்கிறார் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. மூன்று மாதங்களாகத் தனியாகச் செபிப்பதையே விட்டுவிட்டேன். எல்லாம் தெரிந்தவரிடம் நான் எதைச் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு)

பதில்: சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கத்தை மட்டுமே மேலே தந்திருக்கிறேன். அந்த நான்கு பக்கங்களையும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவர் முன் வாய்விட்டுப் படித்திருந்தீர்கள் என்றால் விட்டுப்போன செபம் அன்றே மீண்டும் தொடங்கியிருக்கும்.

முதலில் அந்த விருப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் தந்தையின் கடைசி இரண்டு ஆண்டுகள் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு விடியற்காலையில் அவருடைய துணியை மாற்றிக்கொண்டிருந்தபோது, "இன்னும் எத்தனை நாள்?" என்று என் மனம் கேட்டது, அதை அவருக்காகக் கேட்டேனா எனக்காகக் கேட்டேனா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் விருப்பத்திலும் அவருடைய வேதனை முடிய வேண்டும் என்ற இரக்கமும், உங்கள் சுமை இறங்க வேண்டும் என்ற களைப்பும் கலந்தே இருக்கும். "அவருடைய நன்மைக்காகத்தான் இப்படி நினைக்கிறேன்" என்று அதற்குச் சர்க்கரை தடவ வேண்டாம். "நான் கொலைகாரி" என்று கரி பூசவும் வேண்டாம். இரண்டும் உண்மை அல்ல, இரண்டையும் அவர் நம்பப் போவதும் இல்லை.

எல்லாம் அறிந்தவர் என்றவுடன், தேர்வு அறைக்குள் நுழையும் பறக்கும் படை அதிகாரியின் முகம் நமக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் அந்த முகத்தையும், அதைக் கண்டு வெலவெலக்கும் பிள்ளைகளின் கைகளையும் நான் நன்கு அறிவேன்; துண்டுச் சீட்டு எதுவும் வைத்திராத பிள்ளைக்கும் கை நடுங்கும். உங்கள் கூச்சத்தில் பாதி அந்த நடுக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கடவுள் எல்லாம் அறிகிறார் என்பதை விவிலியத்தில் மிக விரிவாகப் பாடியவர் அப்படி நடுங்கவில்லை. திருப்பாடல் 139-ஐ எடுத்துப் பாருங்கள். நான் அமர்வதும் எழுவதும் உமக்குத் தெரியும், என் வாயில் சொல் பிறக்கும் முன்பே நீர் அதை அறிவீர், தாயின் கருவில் என்னை உருவாக்கியவர் நீர் என்று பாடிக்கொண்டே வருகிறவர், 19-ஆம் வசனத்தில் திடீரென்று தீயோரைக் கொன்றுவிடும்படி கடவுளிடம் கேட்கிறார். அவர்களை அடியோடு வெறுக்கிறேன் என்றும் சொல்கிறார். இது அழகான விருப்பம் அன்று. கோவில் ஒலிபெருக்கியில் இதைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது. ஆனால் இதைச் சொல்லி முடித்த பிறகுதான், 23-ஆம் வசனத்தில், "என்னை ஆய்ந்து பாரும், என் வழி தவறானதா என்று பாரும்" என்ற பொருளில் அவர் தம்மை ஒப்படைக்கிறார். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டு வந்து அவர் பேசவில்லை. உள்ளதைக் கொட்டிவிட்டு, கொட்டியதை நீரே பாரும் என்கிறார்.

குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1971-இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, இந்தப் பாடலின் 19 முதல் 22 வரையுள்ள நான்கு வசனங்களும் விடப்பட்டன. 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுவதுமாகவே விடப்பட்டன. சாபச் சொற்களை வாயால் சொல்லும்போது மனம் இடறும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த நான்கு வசனங்களை எடுத்துவிட்டால், எல்லாம் அறிந்த கடவுளின் முன் நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்று அந்தப் பாடல் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. உங்களைப் போன்றவர்களுக்குத் தேவைப்படுவதோ அந்த நான்கு வசனங்கள்தாம்.

இனி, தெரிந்தவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இது பழைய கேள்வி. கி.பி. 410-இல் உரோமை நகரம் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த புரோபா என்ற கைம்பெண், எப்படிச் செபிப்பது என்று அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தினாரிடம் கேட்டார். அதற்கு அவர் எழுதிய நீண்ட மறுமொழிக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. நம் தேவை இன்னதென்று கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக நாம் செபிப்பதில்லை, அவர் தர விரும்புவதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம் ஆசை விரிவடைய வேண்டும் என்பதற்காகவே செபிக்கிறோம் என்பது அதன் சாரம். சிறிய பாத்திரத்தில் பெரிய படி அரிசியை அளக்க முடியாது என்று நம் ஊர்ப் பெண்கள் இதையே எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது பர்த்திமேயுவின் கதை. மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், வழியோரம் அமர்ந்து பிச்சையெடுக்கும் அந்தப் பார்வையற்றவர் மேலுடையை எறிந்துவிட்டு எழுந்து வந்து நிற்கிறார். அவருக்கு என்ன வேண்டும் என்று எரிகோ ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இருந்தும் இயேசு, "உனக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார். அந்த மனிதர் அதுவரை எல்லாரிடமும் காசுதான் கேட்டுப் பழகியிருப்பார். தமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அவர் தம் வாயாலேயே சொல்வதற்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது. உங்களிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டால், "அத்தைக்குச் சுகம்" என்று சொல்வீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால், உங்களுக்கு வேண்டியது முதலில் ஓர் இரவு முழுத் தூக்கம் என்றும், அடுத்தது "நீ நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்" என்று யாராவது ஒருவர் சொல்வது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேளுங்கள். அது சிறிய வேண்டுதல் அன்று.

இதற்காகக் குடும்பச் செபத்தில், பிள்ளைகள் முன்னிலையில், எல்லாவற்றையும் உடைத்துப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டவரிடம் மறைக்காமல் இருப்பது வேறு, மாமியாரின் காதில் விழும்படி பேசுவது வேறு. பொய் இல்லாத வார்த்தைகளைத் தேர்ந்துகொண்டால் போதும். "அத்தையின் வேதனையைக் குறைத்தருளும், அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வலிமை தாரும், உம் வேளை வரும்போது அவருக்கு நல்ல மரணம் தாரும்" என்று சொல்லலாம். கடைசி வேண்டுதலைக் கண்டு அஞ்ச வேண்டாம். நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரிடம் நம் பாட்டிமார் இரவுதோறும் வேண்டினார்கள். ஒரு செபமாலையில் 53 முறை "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள். ஐந்து ஆண்டுகள் உங்கள் மனம் ஒளித்து வைத்திருந்த சொல், உங்கள் வாய்க்கு நன்கு பழகிய செபத்துக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தம் தாய்க்கான வேண்டுதலை மனைவி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், இரவில் ஒரு முறை தாமே எழுந்து தாயைப் புரட்டிப் படுக்க வைத்தால் அந்த வேண்டுதலுக்குக் கூடுதல் உண்மை வரும். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். இன்னொன்று, செபத்தோடு சேர்ந்தே செய்ய வேண்டியது. வீடு தேடி வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே பதியுங்கள்.

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா ரகம். எல்லாருக்கும் விளைந்தால் கூழ் ஆலைகளில் விலை விழுந்துவிடும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது. நல்ல விலை வேண்டும் என்று மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, சித்தூர்ப் பக்கம் பூ கொட்டிப் போகட்டும் என்றுதான் உண்மையில் கேட்கிறேனோ என்று ஐயம் வருகிறது. கடவுளுக்கு இது தெரியாமலா இருக்கும்?
(விவசாயி, காவேரிப்பட்டணம் அருகில்)

பதில்: ஐயா, தெரியும்தான். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் இதில் நடந்த நன்மை. ஒரே வேண்டுதலைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அது தன் அடிப்பக்கத்தையும் காட்டிவிடும். மெழுகுவர்த்தி ஏற்றாத பலர் இந்தக் கணக்கை வாழ்நாள் முழுவதும் பார்ப்பதே இல்லை.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் மொழியில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. பல மொழிகளில் இந்த வேறுபாடு இல்லை. "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று நாம் சொல்லும்போது, கேட்கப்படுகிறவர், அதாவது கடவுள், அந்த "எங்கள்" என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறார். அதற்கு உள்ளே இருப்பவர்கள் மனிதர்கள். சித்தூர் விவசாயியும் தம் வீட்டில் தெலுங்கில் தம் தெய்வத்திடம் விலையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அவரை அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் விட முடியுமா என்று நீங்கள் முயன்று பாருங்கள். முதல் நாளே முடியாது. முடியவில்லை என்பதையே அன்றைய செபமாகச் சொல்லிவிட்டு வரலாம்.

"நல்ல விலை" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, உங்களை உறுத்துவது எதுவோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கூட்டுறவுச் சங்கக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், தோப்பை மனைகளாக்க விற்றுவிடு என்று மைத்துனர் தரும் நெருக்கடி. விலை என்பது இவை எல்லாவற்றின் மேலும் நாம் போர்த்தும் ஒரே போர்வை. அதை விலக்கினால், சித்தூரில் பூ கொட்டாமலேயே தீரக்கூடியவை சில இருக்கின்றன என்று தெரியவரும். விலையைப் பொறுத்தவரை, மாவட்ட ஆட்சியரின் குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு மற்ற தோப்புக்காரர்களோடு சேர்ந்து போவதைச் செபத்தின் பெயரால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி. அறைக்குத் திரும்பியதும் அம்மா சொல்லிக்கொடுத்தபடி செபமாலை சொல்கிறேன். வாய் மட்டும்தான் சொல்கிறது. மனம் இயந்திரத்திலும் கைப்பேசியிலும் இருக்கிறது. எல்லாம் அறிந்த கடவுளுக்கு இது நடிப்பாகத் தெரியாதா?
(இளைஞர், ஓசூர்)

பதில்: தம்பி, களைப்பு வேறு, நடிப்பு வேறு. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனின் மனம் அலைவது நடிப்பாகாது. நடிப்பதற்குப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். உங்கள் அறை நண்பர்களோ அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நடிப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் கோவிலுக்குச் செபிக்கப் போன பரிசேயர், வரிதண்டுபவர் என்ற இருவரின் உவமையைப் படியுங்கள். அந்தப் பரிசேயர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. வாரத்தில் இரு முறை நோன்பிருப்பதாகச் சொன்னார், இருந்திருப்பார். வருவாயில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதாகச் சொன்னார், கொடுத்திருப்பார். கணக்குத் தணிக்கையாளர் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். அவர் சொன்னவை அத்தனையும் உண்மை, ஆனால் அவற்றில் அவர் இல்லை. வரிதண்டுபவரோ "பாவியாகிய என்மீது இரக்கமாயிரும்" என்று ஒரே வரி சொன்னார். எந்தப் பாவம், எத்தனை முறை என்று ஒரு விவரமும் சொல்லவில்லை. இருந்தும் ஏற்புடையவராய் வீடு திரும்பியவர் அவர்தான். உள்ளவற்றை ஒன்றுவிடாமல் பட்டியலிடுவது நேர்மையான செபம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாணிக்கவாசகர் திருச்சதகத்தில், "யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய்" என்று தொடங்குவார். அன்பு பொய் என்று தெரிந்தபின் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை, அழுதால் உன்னைப் பெறலாமே என்று அதே மூச்சில் கேட்கிறார். வகுப்பில் இந்த வரியை நடத்திய ஒவ்வோர் ஆண்டும், கத்தோலிக்கனாகிய எனக்குச் சற்றுப் பொறாமையாக இருக்கும். சைவ நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள். என் நெஞ்சு பொய் என்பது அந்த நேரத்தில் மெய்யான ஒரு சொல். உங்களுக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது: "எனக்குத் தூக்கம் வருகிறது, அம்மாவுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்." ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்ட முடியாத நாளில் இதைச் சொல்லிவிட்டு, பத்து மணிகளோடு படுத்துவிடுங்கள். மனம் இயந்திரத்துக்குப் போனால் அந்த இயந்திரத்தையும், பக்கத்தில் நின்று வேலை செய்தவரையும் அந்தப் பத்து மணிகளுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மட்டும் வேறு அறையில் வையுங்கள். அதற்கு எந்தப் புனிதரும் தேவையில்லை.

கேள்வி: எங்கள் ஒரே மகனைத் தொப்பூர் கணவாயில் சாலை விபத்தில் இழந்து ஓராண்டு ஆகிறது. கோவிலுக்குப் போனால் கோபம்தான் வருகிறது. கடவுளிடம் கோபப்படக் கூடாது, அவருக்குத் தெரியாதா என்கிறார்கள் உறவினர்கள். தெரிந்தும் ஏன் விட்டார் என்பதுதான் என் கேள்வி.
(ஒரு தாய், தருமபுரி)

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். விவிலியத்தில், பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் வீட்டுக்கும் அப்படி மூவர் வந்தார்கள். கடவுளின் பக்கம் நின்று அழகாகப் பேசினார்கள். யோபு நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள் சினம் கொண்டது அந்த மூவர்மீதுதான். என் ஊழியன் யோபு என்னைப் பற்றிச் சரியாகப் பேசியதுபோல் நீங்கள் பேசவில்லை என்றார். யோபு என்ன பேசினார் என்று அந்த நூலின் நடுவே போய்ப் படித்தால், உங்கள் கோபம் சாதாரணமானது என்று தெரியும்.

நீங்கள் கோவிலுக்குப் போய்க் கோபத்தோடு உட்கார்ந்திருப்பதையே நான் செபம் என்று சொல்வேன். எழுந்து வந்துவிட வேண்டும்போல் இருந்தால் வந்துவிடுங்கள். அடுத்த வாரம் போகலாம்.

வாயில் சொல் எதுவும் வராத இரவுகளுக்குத் திருப்பாடல் 88 இருக்கிறது. துயரப் பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, என் அன்புக்குரியோரை என்னிடமிருந்து அகற்றிவிட்டீர் என்று சொல்லி, இருளில் போய் அப்படியே நின்றுவிடும். மேலே ஒரு வாசகிக்கு எழுதியபோது, திருப்புகழ்மாலையிலிருந்து சில பாடல்கள் விடப்பட்டதைச் சொன்னேன். இந்தப் பாடலை அவர்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில், தூங்கப் போகும் முன் சொல்லும்படி வைத்திருக்கிறார்கள். இந்த வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் அதைத் திறக்கும் நேரத்தில், நம் இரு மாவட்டங்களின் பங்கு இல்லங்களிலும் கன்னியர் மடங்களிலும் சிலர் அதே வரிகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.